அண்ணனுக்குக் கேட்டது என் குரல்தான்

யாரும் பேசாதபோதும் என் அண்ணனுக்குப் பேச்சுக் குரல் கேட்கும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூப்பிடும், திட்டும், சில நாள் சாப்பிடாதே என்று தடுக்கும். மாத்திரை போட்டால் தணியும், முழுசாகப் போகாது. அதோடுதான் மரக்காணத்தில் எங்கள் உப்பளத்தில் என்னோடு வேலை செய்துவந்தார். சும்மா சொல்லக் கூடாது, உப்பு வாருவதில் நான் அவருக்குக் கால் தூசி பெறமாட்டேன்.

வாரிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்தி என்னைப் பார்ப்பார். நிஜமாகவே யாராவது பேசியிருந்தால் நான் கையைத் தூக்குவேன். இல்லையென்றால் இல்லை என்று தலையாட்டுவேன். அவரும் குனிந்து மறுபடி உப்பு வாரும் பலகையை இழுப்பார். டாக்டரிடம் சொன்னபோது, "நல்ல ஏற்பாடு, விட்டுடாதீங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன பெருமை வேண்டிக்கிடந்ததோ.

போன வருஷம் என் மகளைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வந்தார்கள். அண்ணன் சங்கதி தெரிந்து ஏற்கெனவே ஒரு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த முறை தரகரிடம் எனக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை என்று சொல்லிவிட்டு, காலையிலேயே அவரை உப்பளத்துக்கு அனுப்பிவிட்டேன். பஜ்ஜி, காபி எல்லாம் ஆனது. அப்புறம் மாப்பிள்ளையின் அப்பா, உப்பளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாமே என்று கிளம்பிவிட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வரப்பில் போய் நின்றோம். பத்தடி தள்ளி அண்ணன் தனக்குள் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே வாரிக்கொண்டிருந்தார்.

"யாருங்க அது, தனியா பேசிக்கினு இருக்காரு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"கூலிக்கு வர்ற ஆளுங்க. கொஞ்சம் ஒரு மாதிரி. போனா போவுதுன்னு வச்சிக்கினு இருக்கேன்."

என் வாயால்தான் சொன்னேன். நாக்கு கூசவில்லை. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியாதா? கையைத் தூக்கியிருக்க வேண்டும். இல்லை என்று தலையாட்டினேன். அவர் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் வீட்டில் சொன்னார். "டேய், அது உன் குரல்லயே பேச ஆரம்பிச்சிடுச்சுடா. என்னைக் கூலிக்காரன்னு சொல்லுச்சு. நல்லவேளை, நீ இல்லன்னு காட்டுன."

"ஆமாண்ணா" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவரே டாக்டரிடம் போகலாம் என்றார். போனோம். "நிஜமாவே தம்பி சொல்லலையே?" என்று டாக்டர் கேட்டார்.

"இவன் என்கிட்ட பொய் சொல்ல மாட்டான் சார்" என்றார் அண்ணன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அந்த அறையில் வேறு யாருமில்லை. ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்து எழுதினார். அதைப் போட்டதிலிருந்து அண்ணனுக்குக் கை நடுங்குகிறது, பலகை பிடிக்க வரவில்லை. பாதி நாள் தூக்கம்தான்.

கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று புது வேட்டியை எடுத்து வைத்திருந்தார். அன்று காலை அந்த மாத்திரையை நான்தான் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அண்ணன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.