குடுவைச் செடிக்குத் தயிர்சாதம்

போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு பால்கனியில் ஒரு நாற்றம். செத்த எலியா? சாக்கடை அடைப்பா? மோப்பம் பிடித்துக்கொண்டே போனவள் போய் நின்ற இடம் - ஒரு பூந்தொட்டி.

செடி நாறுமா? எங்கள் வீட்டில் நாறும். வளர்ப்பது நான் அல்லவா!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் மகள் மித்ராவைத் தெரியும். நாலு வயது. சாப்பிடமாட்டாள். அதுதான் அவளைப் பற்றிய முழு அறிமுகம். போதாததற்கு நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்த பிறகு வீட்டில் சாப்பாடு கிடையாது. மற்ற அம்மாக்கள் பிள்ளையோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். நான் சூரியனோடும் மல்லுக்கட்ட வேண்டும். ஆரணியில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தால், நான் கையில் தட்டோடு மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மித்ராவின் பிறந்தநாளுக்கு, ஏற்காட்டில் நர்சரி வைத்திருக்கும் என் காலேஜ் தோழி மேரி ஒரு செடி அனுப்பியிருந்தாள். ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு வால். வாலின் முனையில் ஒரு குட்டிக் குடுவை. சிவந்த விளிம்பு, மேலே ஒரு மூடி, உள்ளே ஒரு மடக்குத் தண்ணீர். அப்படி ஓர் அழகு! கூடவே ஒரு வாட்ஸ்அப்: "ஈ, எறும்பு உள்ள விழுந்தா தின்னுடும். பாப்பா நல்லா ரசிப்பா."

நாங்கள் குடிக்கிற தண்ணீரையே துணியில் வடிகட்டிக் குடிக்கிற ஆட்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கூடப் போய்விடக் கூடாது என்று. அந்த வீட்டுக்கு இப்படி ஒரு விருந்தாளி...

மாமனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இன்னாமா இது? மேல் போர்ஷனுக்கு வாடகைக்கு வர்றவங்களையே சைவமான்னு கேட்டுட்டுதான் வுடறோம். இத யாரும் கேக்கலியா?"

திருப்பி அனுப்பலாம் என்றால் மித்ரா தொட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

படித்தவள் இந்த நேரத்தில் என்ன செய்வாள்? இன்னும் கொஞ்சம் படிப்பாள். நானும் படித்தேன். மழை கொட்டும் வெப்பமண்டலக் காடுகளில் பல இடங்களில் மண் வெறும் சக்கையாம். பெய்கிற மழை சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட, மிஞ்சுவது புளிப்பு மட்டும். அந்த மண்ணில் செடிகள் என்னென்ன வித்தை செய்கின்றன என்கிறீர்கள்! சில செடிகள் வேரிலிருந்து அமிலத்தைக் கசியவிட்டு, மண் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் சத்தைக் கரைத்து வாங்குகின்றன. சில, வேரில் பூஞ்சணத்தைக் குடிவைத்து, நீ மண்ணிலிருந்து தேடிக் கொடு, நான் சர்க்கரை தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. சில, ஒரு இலையைத் தயாரித்தால் அதை லேசில் உதிர்ப்பதில்லை. அவ்வளவு சிக்கனம். நம்முடையதோ மண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை என்று இலை நுனியிலேயே குடுவை கட்டித் தொங்கவிட்டு, வந்து விழுவதைச் செரித்துக்கொள்கிறது.

அன்றிரவு இதையே மித்ராவுக்குக் கதையாகச் சொன்னேன். "பாவம்டா செல்லம். அதோட ஊர்ல மண்ணுல சாப்பாடே இல்ல. அதுக்குப் பசிக்கும். அதனாலதான் பூச்சி பிடிக்குது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஞானம் பிறந்தது. பசிதானே காரணம்? மண்ணிலேயே வயிறு நிறையச் சாப்பாடு போட்டுவிட்டால் அது ஏன் கொலை செய்யப் போகிறது?

ஆமாம். நான் அந்தச் செடியைச் சைவத்துக்கு மாற்ற முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் அது மிகவும் நியாயமாகத்தான் இருந்தது.

தொட்டியில் மேரி போட்டு அனுப்பியிருந்த நார்த்துண்டுகளையெல்லாம் உதறிக் கொட்டினேன். நல்ல செம்மண், மண்புழு உரம். வாரம் தவறாமல் ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீர். ஈ எறும்பு தவறி விழுந்துவிடாமல், தண்ணீர் வடிகட்டும் பழைய துணியைக் கிழித்து ஒவ்வொரு குடுவையின் வாயிலும் கட்டினேன். முகமூடி போட்ட வரிசை மாதிரி இருந்தது. பார்க்கவே பெருமையாக இருந்தது.

என் கணவர் சாயப்பட்டறைகளுக்குச் சாயப்பொடி விற்கிற கடை வைத்திருக்கிறார். பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீரில் எவ்வளவு புளிப்பு என்று பார்க்க ஒரு காகிதம் உண்டு. தோய்த்தால் நிறம் மாறும். கடையிலிருந்து ஒரு கட்டு கொண்டுவரச் சொல்லி, மண்ணைச் சோதித்தேன். போர் தண்ணீரைச் சோதித்தேன். கை நிற்கவில்லை... அடுப்பில் இருந்த ரசத்தையும் சோதித்தேன். செடி கேட்கிற புளிப்பு என் ரசத்தில்தான் இருந்தது.

"அப்ப ரசத்தையே ஊத்திடு. நாங்க ஒரு வேளையாவது தப்பிப்போம்" என்றார் கணவர்.

இந்தக் கிண்டலெல்லாம் என்னைத் தொடவே இல்லை. காரணம், வீட்டில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. மித்ரா சாப்பிட ஆரம்பித்திருந்தாள்!

"அம்மா, நான் செடிகிட்ட உக்காந்து சாப்டறேன். நீ வராத."

தட்டைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் திரும்பினால் தட்டு காலி. இட்லி காலி, தயிர்சாதம் காலி, பீன்ஸ் பொரியல்கூடக் காலி. மேற்கே சூரியன் அசட்டுத்தனமாக நின்றுகொண்டிருப்பான். மித்ரா படிக்கும் எல்.கே.ஜி. அம்மாக்கள் குரூப்பில், 'குழந்தையைச் சாப்பிடவைக்க இயற்கையோடு இணையுங்கள்' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அதில் என் குரலில் இருந்த தோரணையை இப்போது கேட்டால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

அப்போதுதான் தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் எடை பார்த்தார். ஏறவில்லை. இறங்கியிருந்தது.

எல்லாவற்றையும் சாப்பிடுகிற பிள்ளைக்கு எடை இறங்குமா? "மிச்சம் வைக்காம சாப்பிடறா டாக்டர்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, ரத்தப் பரிசோதனை எழுதினார். வெள்ளிக்கிழமை காலை, வெறும் வயிற்றில்.

வீட்டுக்கு வந்து கூகுளில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஒவ்வொரு வியாதியாக அவள்மேல் பொருத்திப் பார்த்து, கடைசியில் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது அந்த நாற்றத்துக்கு வருவோம்.

குடுவையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். உள்ளே... தயிர்சாதம். பக்கத்துக் குடுவையில் இட்லி, பூஞ்சணம் பிடித்து. அடுத்ததில் பீன்ஸ். ஒரு குடுவை கறுத்து, அழுகி, கையோடு வந்துவிட்டது. நிரம்பி வழிந்ததெல்லாம் தொட்டி மண்ணில் குழி தோண்டிப் புதைக்கப்பட்டிருந்தது. என் துணி எல்லாவற்றையும் பத்திரமாக மறைத்து வைத்திருக்கிறது.

நாற்றம் தாங்காமல் வந்த மாமனார் எட்டிப் பார்த்தார்.

"பரவால்லமா. நீ நெனச்சாப்லயே சைவமாயிட்ச்சி!"

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. மித்ராவைக் கூப்பிட்டேன். "யாருடா இதெல்லாம் போட்டது?"

"நான்தான். துணிய நவுத்திட்டுப் போட்டேன். அதுக்குப் பசிக்குதும்மா. மண்ணுல ஒண்ணுமே இல்லன்னு நீதான சொன்ன?"

"உனக்கு?"

"எனக்குதான் பசிக்கவே பசிக்காதே!"

எடை ஏன் இறங்கியது என்பதைக் கண்டுபிடிக்க ரத்தம் தேவைப்படவில்லை. டாக்டருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "ரத்த டெஸ்ட் இப்ப வேணாம். அடுத்த மாசம் எடை பாக்கலாம்" என்றார்.

அடுத்து மேரிக்கு வீடியோ கால். என் உபசாரத்தில் புது இலைகள் வாழைக் கன்று மாதிரி செழித்திருந்தன. ஆனால் ஒன்றின் நுனியிலும் குடுவை இல்லை. வெறும் வால்.

"ஏய் லூசு! மண்ணுல சோறு போட்டா அது எதுக்குடி குடுவை கட்டும்?" என்று கத்தினாள் மேரி. "மண்ணுல ஒண்ணும் இல்லன்னுதான் அது அவ்ளோ கஷ்டப்பட்டுக் கட்டுது. இப்படியே உரம் போட்டுகினு இரு, வேரும் வெந்துடும். எல்லாத்தையும் கொட்டிட்டு, கழுவின தேங்கா மட்டத் துண்டு, கொஞ்சம் கரி. மழைத் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊத்து. வேற ஒண்ணும் போடாத. உன்னால முடியுமா?"

"முடியும்."

"பொய் சொல்லாத."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தபோது, அவள் கேட்காத இன்னொரு கேள்வி காதில் விழுந்தது. மித்ராவுக்கு நான் ஒரு நாளில் என்னென்ன கொடுக்கிறேன்? எழுந்ததும் சத்துமாவுக் கஞ்சி. அது இறங்குவதற்குள் பேரீச்சம்பழம். ஸ்கூல் வேனிலிருந்து இறங்கும்போதே வாயில் ஒரு பிஸ்கட். அப்புறம் பாதாம் பால், ராகி லட்டு, 'ஒரே ஒரு' வாழைப்பழம். சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடவில்லையே என்ற பயத்தில் நடுவில் கொடுப்பது... நடுவில் கொடுப்பதால் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாதது. பசி என்ற ஒன்று அவள் வயிற்றில் முளைக்க நான் இடமே விடவில்லை. சத்துள்ள மண்ணை என்னைப் போல யாராலும் தயாரிக்க முடியாது!

தொட்டியை மாற்றினேன். பூச்சி விஷயத்தில் வீட்டில் ஒரு சமரசம் ஏற்பட்டது. துணி கட்டுவதில்லை, நாமாக எதையும் பிடித்துப் போடுவதும் இல்லை. செடி பால்கனியிலிருந்து மொட்டை மாடிக்கு, தண்ணீர் டேங்க் நிழலுக்குக் குடிபெயர்ந்தது. "மாடி, வீட்டுக் கணக்குல வராது" என்று மாமனார் தீர்ப்பு சொன்னார். தோண்டி எடுத்தால் மண்ணிலுள்ள உயிர் போகும் என்று எங்கள் வீட்டில் கிழங்கு சமைப்பதில்லை. என் கணவர் உருளைக்கிழங்கு சிப்ஸ் தின்கிற இடமும் அந்த டேங்க் நிழல்தான். சட்டம் எல்லோருக்கும் ஒன்று.

பிஸ்கட் டப்பாவையும் லட்டு டப்பாவையும் பரணில் ஏற்றினேன். வேன் வரும்போது என் கை தானாகப் பையைத் துழாவும். அடித்து இழுத்துக்கொள்வேன். மித்ராவைவிட எனக்குத்தான் பத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு வாய் சோற்றோடு அவள் எழுந்துபோனாள். துரத்தவில்லை. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். வெயில் தாழவில்லை. முந்தானையை யாரோ இழுத்தார்கள்.

"அம்மா... வயித்துல இன்னாவோ பண்ணுது."

"வலிக்குதா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இல்ல. பசிக்குது."

நாலு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. அன்றைக்குப் பார்த்து வீட்டில் ஒரு பிடி சோறில்லை. நான் குக்கரைத் தேடி ஓடுவதற்குள் அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டு, அலமாரியிலிருந்த பொரி டப்பாவை எடுத்து, தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றாள். தட்டு இல்லை. கதை இல்லை. சூரியன் அவன் பாட்டுக்கு இருந்தான்.

'இன்னும் கொஞ்சம் போடட்டுமா?' என்று என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

விழுங்கிவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் கஷ்டப்பட்டு எதையாவது விழுங்கியது நான் ஒருத்திதான்.