எட்டேழு அம்பத்தாறு

போன வருடம் மார்ச் மாதம், கேரள எல்லையில் பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயிலில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். பேச்சென்றால் அவருக்கு உயிர். வண்டியில் ஏறினவர்கள் இறங்குவதற்குள் அவர்களுடைய ஊர், உறவு, எந்த ஆஸ்பத்திரிக்கு எதற்காகப் போகிறார்கள் என்பது வரை கேட்டுத் தெரிந்துகொள்வார். இறங்கின பிறகும் விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் ஜனவரியில் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதே சாய்ந்துவிட்டார். ஸ்ட்ரோக். காரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் கிடத்தி, உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். வலது கை மெல்ல மெல்ல அசையத் தொடங்கியது. ஆனால் பேச்சு போய்விட்டது.

மொத்தமாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. ‘அது.’ தண்ணீர் வேண்டுமென்றாலும் ‘அது’, ஃபேன் போட வேண்டுமென்றாலும் ‘அது’. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், சொல் வெளியே வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். பொறுமையாகப் பேசிக்கொண்டே இருங்கள் என்றாள். நானும் பேசினேன். பதிலுக்கு ‘அது, அது’ என்று தவித்துவிட்டு, கடைசியில் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஸ்டாண்டில் இருந்து கூட்டாளிகள் பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

இதில் என்னை மிகவும் வாட்டியது எங்கள் மகளின் விஷயம். மூணாம் வகுப்பு. அப்பா தோளை விட்டு இறங்காத பிள்ளை. அப்பா தன் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்றதும் அவளுக்கு ஏதோ பயம் வந்துவிட்டது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடு என்றால் வாசலிலேயே நின்று தட்டை நீட்டுவாள். அவர் அதைப் பார்ப்பதை நானும் பார்ப்பேன்.

கோடை லீவுக்கு ஸ்கூல் அடைக்கும் முன்னால் பத்து வரைக்கும் வாய்ப்பாட்டை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடுதான் சனியன். அதைத் தமிழில் சொன்னாலும் மலையாளத்தில் சொன்னாலும் எங்கள் வாயில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் வரும். அதனால் சொல்லிக்கொடுப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் ‘ஏழேழு நாற்பத்தொம்பது’ வரைக்கும் ஓடி வருவாள், எட்டில் வந்து நின்றுவிடுவாள். தினமும் இதே கதை.

அன்று சாயங்காலம் நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து சாளை மீன் செதில் உரசிக்கொண்டிருந்தேன். அவள் கதவில் சாய்ந்துகொண்டு ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல ஏழேழு வந்தது. ‘எட்டேழு’ என்றாள். நின்றாள். மறுபடியும் ‘எட்டேழு’ என்றாள். குரல் அழுகைக்குப் போய்விட்டது.

“அம்பத்தாறு.”

உள்ளே இருந்து வந்தது. கனத்த, இழுத்த குரல். டிவியோ என்று நினைத்தேன். டிவி அணைந்து கிடந்தது. மீன் கையோடு ஓடினேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். வேறு யாரோ பேசியதுபோல அவரே திகைத்துப்போயிருந்தார்.

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். வாயைத் திறந்தார். “அது…” என்றார். “அது… அது…” அவர் கண் நிறைந்துவிட்டது. என் காதுதான் ஏமாற்றியதோ என்று நினைத்தேன்.

வாசலில் நின்ற மகள் பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு யாரும் சொல்லாமல், முதலில் இருந்து தொடங்கினாள்.

“ஓரேழு…”

“ஏழு,” என்றார்.

“ஈரேழு…”

“பதினாலு.”

அவள் ஒரு அடி உள்ளே வந்தாள். மூவேழுக்கு இன்னொரு அடி. எழுபது வந்தபோது அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தாள். என் கையில் மீன் செதில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அடுத்த தடவை போனபோது பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னோம். சின்ன வயதில் பாடி மனப்பாடம் செய்ததெல்லாம் மூளையில் வேறு ஒரு வழியாக வரும், சொந்தமாகப் பேசுவதற்கு இன்னும் நாளாகலாம், அதற்காக மனம் தளர்ந்துவிடாதீர்கள் என்றாள். அந்தப் பாட்டை மட்டும் நிறுத்தவே வேண்டாம் என்றாள்.

மகள் நிறுத்துவாளா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றி எறிந்துவிட்டு அப்பா கட்டிலுக்குப் போய்விடுவாள். வாய்ப்பாடு முடிந்தால் கிழமை, கிழமை முடிந்தால் மாதம். பிறகு அவளாகவே ஒன்று உண்டாக்கினாள். வாய்ப்பாட்டு ராகத்திலேயே ‘தண்ணி வேணும், சாயா வேணும், சோறு வேணும், முதுகு சொறியணும்’ என்று அவள் பாட, அவரும் கோணிய வாயோடு கூடவே பாடுவார். முதுகு சொறிகிற இடம் வந்ததும் இரண்டு பேரும் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் பாட்டில் இருந்து ‘சாயா’ மட்டும் தனியாக வெளியே வந்தது. பிறகு ‘தண்ணி’.

வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். நான் துணி துவைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று சத்தம் நின்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அம்மா, அப்பா இனி படிக்க வரமாட்டாராம். ‘மதி மக்கா, தலை வலிக்குது’ண்ணு சொல்லுதாரு.”

அவளுக்கு அது ஒரு புகார். அப்பா பாதியில் கைவிட்டுவிட்டாரே என்று கோபம். ‘மதி’ என்றால் போதும்; எந்தப் பாட்டிலும் இல்லாத ஒன்றை அவராகவே சொல்லியிருக்கிறார். நான் ஈரத் துணியைக் கல்லிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, “இவளுக்கு… நல்லா தெரியும்… ஆக்கும்,” என்றார்.

மறுநாள் அவள் ஒரு இடத்திலும் நிற்காமல் சொல்லி முடித்தாளாம். அவருக்கு இன்னும் சில சொற்கள் வருவதில்லை. வண்டியும் இன்னும் ஓட்டத் தொடங்கவில்லை. ஆனால் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். பாதிப் பேச்சும் பாதிச் சைகையுமாக யாரையாவது பிடித்து வைத்துக்கொள்கிறார். இந்த மார்ச்சில் மகளுக்குப் படிக்க ஒரு மலையாளப் பாட்டு உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சாயங்காலமானால் அதையே உரக்கப் பாடுகிறார்கள். முன்பெல்லாம் அந்தச் சத்தம் எனக்குத் தலைவலி. இப்போது, எந்தப் பிள்ளை மனதில் எதை ஏற்றிவைக்கிறதோ, என்றைக்கு அது யாரைத் தாங்கப்போகிறதோ என்று நினைத்து, கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.