காதுகுத்துக்கு வாங்கிய கிம்பல்

என் தம்பி கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறான். எந்தப் புயலிலும் வாந்தி எடுத்ததில்லை என்று பெருமையடித்துக்கொள்கிற ஆள். அப்படிப்பட்டவனுக்கு முதல்முறையாகக் குமட்டியது நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான்.

அவன் மகள் தவழ ஆரம்பித்த அன்று நானும் அவள் பின்னாலேயே ஓடி ஓடி எடுத்த வீடியோ அது. கூடம், அடுக்களை, கட்டிலுக்கு அடி என்று ஓர் இடம் விடவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்வது பொய். ஒரே ஒருத்தர்தான் பிடித்தார், அதுவும் அவர்தான். தம்பி கப்பலில் கூட இருக்கிறவர்களுக்குக் காட்டினானாம், ஒருத்தர் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு, இனிமேல் உன் பிள்ளையை நீயே வந்து பார்த்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதை மட்டும் அவனிடம் சொல்ல முடியாது. பிள்ளை பிறக்கும் முன்பே கப்பல் ஏறியவன் அவன். மாற்று ஆள் வரவில்லை, வரவில்லை என்று அவன் இறங்குவது தள்ளிக்கொண்டே போனது. மகளை அவன் பார்த்ததெல்லாம் போனில்தான்.

இதற்கிடையில் காதுகுத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒரு வயது முடிவதற்குள் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிடுவது எங்கள் வழக்கம். பெரியவர்கள் யாரும் தள்ளிப்போடச் சம்மதிக்கவில்லை, தம்பியும் நடத்துங்கள் என்றுதான் சொன்னான். பிறகு எனக்கு மட்டும் தனியாகப் போன் போட்டான்.

"எக்கா, காது குத்துத அந்த ஒரு நிமிசத்த மட்டும் ஆடாம எடுத்து அனுப்பு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவன் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. பேசாமல் ஒரு வீடியோக்காரரை வைத்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். என் தம்பி என்னிடம் கேட்டதை எவனோ எடுத்துக் கொடுப்பதா என்று நான் ஒரே பிடியாக நின்றேன்.

செல்போன் கடை அண்ணாச்சி கிம்பல் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு கைப்பிடி, அதன் உச்சியில் போனைக் கவ்விக்கொள்ளும் ஒரு கிடுக்கி, உள்ளே சின்னச் சின்ன மோட்டார். கை எப்படி ஆடினாலும் போன் ஆடாமல் நிற்கும் என்றார். இன்னும் ஏழெட்டு வசதிகளை ஒப்பித்தார். அது ஆளை அடையாளம் கண்டு பின்னாலேயே போகும், கையைக் காட்டினால் போதும், அப்படி இப்படி என்று என்னென்னவோ சொன்னார். காசு கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு வசதியை ஏன் விடவேண்டும்? எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள் அண்ணாச்சி என்றேன். அவரும் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் போன் நிமிரவே மாட்டேன் என்றது. டவுன் பஸ்ஸில் தூங்குகிறவர் மாதிரி தலை தொங்கித் தொங்கி விழுந்தது. ஏமாற்றிவிட்டான் பாவி என்று கடைக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரர்தான் போன் உறையைக் கழற்றிப் பார்த்தார். உறைக்குள் நான் வைத்திருந்த முருகன் படம், நூறு ரூபாய் நோட்டு, ரேஷன் கடை ரசீது, பல் டாக்டர் கொடுத்த சீட்டு எல்லாம் மேஜைக்கு வந்தன. முருகா, மன்னித்துக்கொள் என்று படத்தை மட்டும் கண்ணில் ஒற்றிப் பூஜை அலமாரியில் எடுத்து வைத்தேன். பாரம் குறைந்ததும் போன் சமர்த்தாக நிமிர்ந்து நின்றது.

கிம்பலைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாக நடக்கக் கூடாது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை மெதுவாக ஊன்றி, பூனை மாதிரி நடக்கவேண்டும். மொட்டை மாடியில் சாயங்காலம் தோறும் நடந்து பழகினேன். எதிர்மாடியில் துணி காயப்போடும் அக்கா இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் முழங்கால் தைலத்தோடு படியேறி வந்துவிட்டார். வீடியோ எடுப்பதற்காக நடக்கிறேன் என்று விளக்கினேன். அவர் என் கையைப் பிடித்து, வலியை மறைக்கக் கூடாது என்று அறிவுரை சொல்லிவிட்டுத் தைலத்தையும் வைத்துவிட்டுப் போனார்.

பழகும்போது இன்னொரு கூத்தும் நடந்தது. வீட்டுக்காரர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பூனை நடை நடந்து அவரைச் சுற்றி வந்தேன். போதும் என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவ்வளவுதான், போன் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் எழுந்து வலப்பக்கம் போனால் வலப்பக்கம் திரும்புகிறது, இடப்பக்கம் போனால் இடப்பக்கம் திரும்புகிறது. மனிதர் மிரண்டுபோனார்.

"ஏளா, எங்கிட்டுப் போனாலும் மூஞ்சிக்கு நேரா வருதே. எங்கம்மாகூட என்ன இப்படிப் பாத்ததில்ல."

கடைசியில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கருவிக்கு நம் வீட்டு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது, நம் ரத்தத்தைக் கண்டால் விடாது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் என் ரத்தம் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

காதுகுத்து நாளன்று வேன் வைத்துக்கொண்டு போனோம். எங்கள் கோயில் சாகுபுரம் தாண்டித் தேரிக்காட்டுக்குள், சிவப்பு மணலும் பனையுமான இடத்தில் இருக்கிறது. பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்தாள். மாமன் என்றால் தம்பி மனைவியின் அண்ணன். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தவேண்டும் என்பதால் புதுப் பட்டு வேட்டி கட்டி வந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பிள்ளை உருட்டி வைத்த லட்டுபோல அழகாக இருந்தாள். காது குத்த வந்த ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டு எதிரே சம்மணமிட்டார். நான் முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கினேன். வெயிலில் போன் திரை ஒரே கறுப்பாகத் தெரிந்தது, என் முகம்தான் அதில் தெரிந்தது. திரை எதற்கு, கண் இருக்கிறதே என்று பிள்ளையையே பார்த்துக்கொண்டு எடுத்தேன். கம்பி இறங்கியது, பிள்ளை வீறிட்டாள், அடுத்த காதும் முடிந்தது. என் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. எனக்கே என்னை நினைத்துக் கண்ணீர் வந்துவிட்டது.

பந்தல் நிழலில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

மொட்டை போடும்போது எடுத்த முதல் வீடியோவில் மொட்டை இல்லை. சமையல்காரர் இருந்தார். சாப்பாட்டுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் என்று யாருக்கோ ஐந்து விரலையும் விரித்துக் காட்டியிருக்கிறார். அதிலிருந்து அவர் சாம்பார் கிண்டியது, ருசி பார்த்தது, முதுகு சொறிந்தது எல்லாம் ஆடாமல் அசையாமல் பதிவாகியிருந்தது. கடை அண்ணாச்சி கையைக் காட்டினால் போதும் என்று சொன்னது எதை என்று அப்போதுதான் உறைத்தது. யார் உள்ளங்கையை விரித்துக் காட்டினாலும் கிம்பல் அந்த ஆள் பின்னாலேயே போய்விடும். அவசரமாக அடுத்த வீடியோவைத் தொட்டேன்.

மாமன் மடி தெரிந்தது, பிள்ளை தெரிந்தாள், ஆசாரி கம்பியை எடுத்தார். அந்த நொடியில் பந்தல் காலோரம் நின்ற தம்பி மனைவி, இருங்க, இருங்க என்று பதறி உள்ளங்கையை விரித்து நீட்டியிருக்கிறாள். போன் சட்டென்று அவள் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு அவள்தான், முழுக்க முழுக்க அவள் முகம்தான். பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் எங்கேயோ கேட்கிறது. அவள் உதட்டைக் கடிக்கிறாள், முந்தானையால் வாயைப் பொத்துகிறாள், ஓடிவர இரண்டடி வைத்து நின்றுவிடுகிறாள், கண்ணும் மூக்கும் ஒழுகுகிறது, எல்லாம் முடிந்ததும் அழுகையோடு அழுகையாகச் சிரிக்கிறாள்.

அந்தக் கிம்பலைக் குழம்புச் சட்டியில் போட்டிருப்பேன், வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டார். அவர் ஒரு யோசனையும் சொன்னார். ஆசாரியை மறுபடி குத்துவதுபோல் உட்காரச் சொல்லி எடுத்துவிட்டால் என்ன? ஆசாரி நல்ல மனிதர், சரி என்று வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே பிள்ளை போட்ட கூச்சலில் பனையில் இருந்த காக்காயெல்லாம் எழும்பிப் பறந்தன. மாமனின் பட்டு வேட்டியும் நனைந்துபோயிற்று. அவர் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு வேறு வேட்டி தேடிப் போனார். ஆசாரியும் சாப்பிடப் போய்விட்டார்.

தம்பி மனைவி அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூசிப்போனாள். மூக்கு ஒழுகுது, தலை கலைஞ்சு கெடக்கு, அழிச்சிருங்க மதினி என்று பின்னாலேயே வந்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பியிடமிருந்து செய்தி. சிக்னல் வந்துவிட்டது, அனுப்பு என்கிறான். நடந்ததைச் சொன்னேன். எடுத்த அளவுக்கு அனுப்பு என்றான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச அனுப்பிவிட்டேன். அவன் கேட்டது அது ஒன்றுதான், அதையும் நான் கெடுத்து வைத்திருக்கிறேன். கெடுத்தது என்ன என்றாவது அவன் பார்க்கட்டும்.

அவன் பார்த்துவிட்டான் என்று போனில் தெரிந்தது. பதில் இல்லை. பந்தியில் உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. வேன் கிளம்பி, உப்பளம் வந்து, அப்போதும் பதில் இல்லை. என் மேல் கோபமாக இருக்கும், இருக்கட்டும், கப்பலிலிருந்து இறங்கி வந்து நாலு அடி அடித்தால்கூட வாங்கிக்கொள்வேன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். முள்ளக்காடு பக்கம் வரும்போது கூப்பிட்டான், வீடியோ காலில். கண் சிவந்திருந்தது. அவன் வைய ஆரம்பிக்கும் முன் நானே முந்திக்கொண்டு, அந்தப் பாழாய்ப்போன மெஷின் பிள்ளையை விட்டுவிட்டது என்று ஆரம்பித்தேன்.

"பிள்ளையத்தான் தெனமும் எல்லாரும் அனுப்புதீங்களே எக்கா. இவ மூஞ்சிய ஒருத்தரும் அனுப்பல. எல்லா வீடியோலயும் இவ கை மட்டுந்தான் வருது. போன் பண்ணாலும் பிள்ளயப் பாருங்கன்னு அங்கிட்டுத் திருப்பிருதா."

நான் எடுத்த ஒவ்வொன்றும் கண்முன் வந்தது. பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிற இரண்டு கை, ஓரத்தில் ஒரு முந்தானை, அப்பா பாரு, அப்பா பாரு என்கிற குரல். அந்தக் குரலுக்கு ஒரு முகம் உண்டு என்று ஒருநாளும் போனை நான் உயர்த்தியதில்லை.

பின் சீட்டுக்குப் போனை நீட்டினேன். அவள் வாங்கினாள். வாங்கிய வேகத்தில் வழக்கம்போல மடியில் தூங்குகிற பிள்ளை பக்கம் திருப்பினாள்.

"பிள்ளைய அக்காட்ட குடு," என்றான் தம்பி. "நீ வா."

நான் எழுந்துபோய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அவள் முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, போனைத் தன் பக்கம் திருப்பிச் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். வேனில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தோம்.