தங்கச்சி குரலும் முடுக்கின் கம்ப்யூட்டரும்

என் தங்கச்சி புருஷனுக்கு முடுக்கு என்று பெயர் வைத்தது தையல் ஃபேக்டரிப் பெண்கள்தான். அவர் அங்கே முப்பது வருஷம் மெக்கானிக். மெஷின் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் வருவார், சரிசெய்வார், ஆனால் அதோடு போக மாட்டார். மோட்டாரில் பெரிய புல்லியை மாட்டி, பெல்ட்டை இழுத்து விட்டு, முன்னே ஓடியதைவிட ஒரு படி கூடுதலாக ஓட வைத்துவிட்டுத்தான் நகர்வார். துணி கையோடு பிடுங்கிக்கொண்டு ஓடும். "யோவ் முடுக்கு, நான் சட்டை தைக்கணுமா, அது பின்னாடி ஓடணுமா?" என்று கத்துவார்கள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார்.

எங்கள் அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி இருந்தாள், அவளுடைய நாத்தனார் பேரன் இவர். அந்த வழியில்தான் சம்பந்தம் வந்தது. கல்யாணமான புதிதில் வீட்டில் துணி துவைக்கும் மெஷினையும் விடவில்லை. உள்ளே என்னத்தையோ மாற்றினார். பிழிகிற நேரம் வந்ததும் அது குதித்துக் குதித்து நடுக் கூடத்தைத் தாண்டி வாசல்வரை வந்துவிட்டது. என் தங்கச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"என்னங்க, உங்க மெஷின் கிளம்பிடுச்சு. பஸ் ஏத்திவிட்டுட்டு வாங்க" என்றாள்.

அப்படிப் பேசுகிறவள் அவள். அவள் போய்ச் சேர்ந்து இப்போது மூன்று வருஷம்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, தன் போனில் நாற்பத்தொரு நிமிடம் பேசிப் பதிவு செய்து வைத்தாள். மகளுக்காக. மகள் வேறு ஊரில் ரத்தம் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறாள், அன்றைக்கு வந்து சேர முடியவில்லை. புருஷனிடம் போனைக் கொடுத்து, "இத அவகிட்ட குடுங்க. நீங்க கேக்காதீங்க, அழுது தொலைப்பீங்க" என்று சொல்லியிருக்கிறாள். காரியமெல்லாம் முடிந்தபின் அவர் கொடுத்தார். மகள் வாங்கவில்லை. "இப்போ என்னால முடியாதுப்பா. பத்திரமா வைங்க, நானே கேப்பேன்" என்று கைகூப்பாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். போன் பீரோவில் கிடந்தது. அவரும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அதைத் தொடவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் ஒரு புது கம்ப்யூட்டர் வாங்கினார். பாகம் பாகமாக வாங்கி, கடைக்காரரோடு உட்கார்ந்து தானே பூட்டினார். வாங்கினால் சும்மா வைப்பாரா? மெஷின் தொடங்கும்போதே ஒரு பட்டனைத் தட்டினால் நீலத் திரை ஒன்று வரும். அதில் ப்ராசஸர் எவ்வளவு வேகத்தில் ஓடலாம், மெமரி எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்று எண்கள் இருக்கும். அந்த எண்களை ஏற்றுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. கொஞ்சம் ஏற்றுவார், சூடு பார்ப்பார், மறுபடி ஏற்றுவார். மெமரி என்பது விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும் இரண்டு பட்டைகள். கம்ப்யூட்டர் வேலை செய்கிற நேரத்தில் எதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டிருக்கிறதோ அதெல்லாம் அந்தப் பட்டைகளில்தான் இருக்குமாம்.

கடைக்காரர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன், என் காதால் கேட்டேன். "சார், ப்ராசஸர ஏத்தினா பயமில்ல. தாங்கலைன்னா அதுவே நின்னுடும், உங்களுக்குத் தெரிஞ்சிடும். மெமரிய ஏத்தினீங்கன்னா மட்டும் ஒரு நாள் பூரா டெஸ்ட் ஓட விடுங்க. அது தப்பு பண்ணாலும் முகத்துல காட்டாது."

இவர் பத்து நிமிடம் ஓடவிட்டார். தப்பு எதுவும் வரவில்லை. நிறுத்திவிட்டார்.

"ஒரு நாள் பூரா ஓட விடச் சொன்னாரே மாப்பிள்ளை?" என்றேன்.

"பத்து நிமிஷத்துல காட்டாத கோளாற ஒரு நாள் வச்சிருந்து காட்டுமா அண்ணி? அவரு கடைல உக்காந்திருக்கிற மனுஷன், சும்மா சொல்வாரு."

அந்த வாரமே பீரோவில் இருந்த போனின் பேட்டரி உப்பிக்கொண்டது. பின்மூடி பிளந்து நின்றது. பயந்துபோய் எப்படியோ ஒரு தடவை உயிர்ப்பித்து, பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். மாற்றி முடித்ததும் போன் அணைந்தது. பிறகு எழும்பவே இல்லை. வெடித்துத் தொலைக்கப் போகிறது என்று குப்பை வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம், சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் போட்டிருக்கிறார். ஒரு நிமிடம் என்று போட்டவர் நாற்பத்தொரு நிமிடமும் கேட்டுவிட்டார். மறுநாள் மறுபடி. ஆஸ்பத்திரி மெஷின் ஒன்று அவள் குரலுக்கு மேலே கூவிக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலை எடுக்கிற மென்பொருளைப் போட்டு, சுத்தம் பண்ணி, பழையதின் மேலேயே சேமித்தார். நாலு தடவை சுத்தம் பண்ணினார்.

நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். சாயங்காலம் போவேன். ஒருநாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, வாங்க. இன்னிக்கு வேற சொல்றா."

"யாரு என்ன சொல்றா?"

"அவதான். வாங்களேன்."

உட்கார்ந்தேன். என் தங்கச்சி பேசினாள். எந்தச் சித்தப்பா வீட்டுக்கு முதலில் பத்திரிகை வைக்க வேண்டும், எந்தப் பீரோ சாவி எதில் தொங்குகிறது, யார் சண்டை போட்டாலும் யாரிடம் முகம் கொடுத்துப் பேசவேண்டும் என்று வரிசையாக. முப்பத்து மூன்றாம் நிமிடத்தில், "பாப்பா, அப்பாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றாள். பிறகு மணலைத் தகரத்தில் கொட்டுவது போல ஒரு சத்தம், அதற்குள்ளே அவள் குரல். துண்டு துண்டாக. "கேட்டீங்களா? தனியா விட்டுடாதன்னு சொல்றா" என்றார் மாப்பிள்ளை. மறுபடி அதே இடத்தைப் போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், முன்னே கேட்டது போல இல்லை. சத்தம் வேறு இடத்தில் விழுந்தது, குரல் வேறு இடத்தில் எழுந்தது. "நேத்து நம்பாதன்னு சொன்னா. முந்தா நாள் திட்டாதன்னு சொன்னா. தினம் புதுசா பேசறா அண்ணி." அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்றால், எங்கள் வீட்டுக்கு அவளைப் பெண்பார்க்க வந்த அன்று இருந்ததே, அப்படி.

பயந்து எழுந்து வரவேண்டியவள் நான். எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தரம் போடுங்க" என்றேன். மூன்றாம் தரத்தில், அந்த மணல் சத்தத்துக்குள், "அக்கா எங்க" என்று கேட்டது. அவள் உயிர் போன நேரத்தில் நான் குளித்து வர வீட்டுக்குப் போயிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் போய் உட்கார்ந்தேன், அது திரும்ப வரவில்லை. இதை மகளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதம் சொல்லாமல் இருந்தேன்.

மகள் தானாகவே வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செருப்பைக் கழற்றியதும், "அப்பா, இப்போ கேக்க முடியும்னு தோணுது. போடுங்க" என்றாள். அவர் சந்தோஷமாகப் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த இடம் வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"என்னப்பா இது?"

"அங்கதான் அம்மா பேசறா. இரு, மறுபடி போடறேன்."

போட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ." போட்டார்.

"ஒரே ரத்தத்த மூணு தடவ போட்டு மூணு ரிசல்ட் வந்தா என்னப்பா அர்த்தம்? ரத்தத்துல ஒண்ணுமில்ல, மெஷின் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். இத என்ன வேகத்துல வச்சிருக்கீங்க?"

அவளே மெமரி டெஸ்டை ஓடவிட்டாள். நாங்கள் மூவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. இருபது, ஒன்றுமில்லை. அவர் என்னைப் பார்த்து, பார்த்தீர்களா என்கிற மாதிரி தலையை ஆட்டினார். நாற்பது தாண்டியதும் ஒரு சிவப்பு வரி விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மழை பிடித்துக்கொண்டது போல.

"பெரியம்மா, உங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்டி" என்றேன். வேறு என்ன சொல்ல?

"இறக்குங்கப்பா. கடைல குடுத்த வேகத்துக்கே இறக்குங்க."

"இறக்கினா அவ ஒண்ணையே சொல்லிட்டு இருப்பாம்மா."

"ஒண்ணத்தாம்ப்பா சொன்னாங்க!" என்று கத்திவிட்டாள். "அது எனக்குச் சொன்னது. எனக்கு அது வேணும்."

அவர் நீலத் திரைக்குப் போனார். எண்களை ஒவ்வொன்றாக இறக்கினார். ஒரு மெஷினை அவர் வேகம் குறைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இறக்கிய பிறகு பதிவைப் போட்டார். "பாப்பா, அப்பாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்." பிறகு மணல். குரலே இல்லை, வெறும் மணல், பதினொரு வினாடி. பிறகு, "அவ்ளோதான். வாய் காயுது, தண்ணி குடிக்கணும்." மறுபடி போட்டாள். அதே பதினொரு வினாடி, ஒரு மயிரிழை மாறாமல். ஐந்து தடவை போட்டாள். ஐந்தும் ஒன்று.

"மாத்தும்போதே கெட்டிருக்கு. நீங்க சேவ் பண்ணப் பண்ண இன்னும் கெட்டிருக்கு" என்றாள். இப்போது கோபம் இல்லை, லேபில் பேசுவது போலப் பேசினாள். "பரவால்ல. நீங்கதான் போன்ல முழுசா கேட்டிருப்பீங்களே. இந்த இடத்துல அம்மா என்ன சொன்னாங்க? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

அவர் நாற்காலியை மகள் பக்கம் திருப்பினார்.

தனியா விட்டுடாத என்று சொன்னாள் என ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். கூட வந்து இருந்தும் இருப்பாள். எனக்கே அப்படித்தான் தோன்றியது, சொல்லித் தொலையேன் மனுஷா என்று.

"போன்ல நான் கேக்கவே இல்லம்மா" என்றார். "கேக்காதீங்கன்னு சொன்னா, நான் கேக்கல. இதுக்கு மாத்தினதுக்கு அப்புறம்தான் கேட்டேன். அன்னைக்கே ஏத்தி வச்ச வேகம்தான்."

அப்படியென்றால் அவள் சொன்னதை உலகத்தில் யாருமே கேட்டதில்லை. சொன்னவளைத் தவிர.

மகள் அந்தப் பதினொரு வினாடியை இன்னொரு தடவை போட்டாள். பிறகு, அவ்வளவு நேரம் சத்தம் போட்டவள், சின்னக் குரலில் கேட்டாள்: "அப்பா, முன்ன ஏத்தி வச்சிருந்த வேகத்துக்கே ஒரு தடவ வைங்களேன். ஒரே ஒரு தடவ."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆறு மாதமாக, இன்னொரு தரம் போடுங்க என்று நான் கெஞ்சிய குரல் அது.

வேகத்தை ஏற்று என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஆயுள் முழுக்கக் காத்திருந்த மனுஷன் அவர். "வேணாம்டா" என்றார். "அப்புறம் நீயும் தினம் கேப்ப." சுவிட்சை அணைத்தார், வயரைப் பிடுங்கினார், பெட்டியின் பக்கத்தைத் திறந்து இரண்டு பட்டைகளையும் கழற்றினார். மகள் கையில் கொடுக்கவில்லை. என் கையில் கொடுத்தார். "அண்ணி, நீங்க வச்சுக்கோங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

அவள் பதிவு இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். அங்கே வேறு கம்ப்யூட்டரில் காப்பி போட்டு, அப்பாவுக்கும் போனில் அனுப்பி வைத்தாள். அவர் அதைத் திறந்ததாகத் தெரியவில்லை. இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்து, சும்மா உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, எதையும் கேட்காமல் போனார்.

பட்டைகள் என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கின்றன. கரண்ட் போன மாத்திரத்தில் அவை எல்லாவற்றையும் மறந்துவிடும், அதில் ஒன்றுமே இருக்காது பெரியம்மா என்று மகள் எனக்கு நன்றாகவே விளக்கினாள். புரிந்துகொண்டேன். ஆனாலும் அந்தத் தட்டில் இருக்கும் சேலைகளை நான் உடுத்துவதில்லை.