உரித்தை வைத்துக்கொண்டவர்

கொடிகாமத்தில் ஏறிய ஓய்வுபெற்ற ஆசிரியர், சட்டைப்பையிலிருந்து எடுத்த கைலேஞ்சியை பஸ் சீட்டில் விரித்துவிட்டு என் பக்கத்தில் இருந்தார். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை.

"வீட்டை மகளுக்குச் சீதனமாய் எழுதேக்கை, நான் சாகுமட்டும் அதிலை இருக்கிற உரித்தை எனக்கு வைச்சுத்தான் எழுதினனான் தம்பி. பென்சனும் வருது. பிள்ளையளிட்டைக் கை நீட்டிறேல்லை."

எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அப்பா வீட்டை அக்காவுக்கு முழுதாக எழுதிக் கொடுத்தார். வாழைத்தோட்டத்தை விற்று என்னைப் படிப்பித்தார். இப்போது அவருடைய சாப்பாடும் மருந்தும் என் சம்பளத்தில்தான். ஆசிரியரிடம் இதைச் சொன்னேன்.

"உம்மடை கொப்பர் தனக்கெண்டு என்ன வைச்சிருக்கிறார்?"

"என்னைத்தான்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப உமக்கு வயசு போகேக்கை?"

பஸ் நின்றது. அவர் லேஞ்சியை நாலாய் மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அவரைவிட, நான் பார்த்தேயிராத அவருடைய பிள்ளைகள் மேல்தான் எனக்கு இன்னமும் பொறாமை.