சார்லி கலக்கிய பச்சை

சார்லியின் இடது கைக் கட்டைவிரல் நகம் இன்றைக்குப் பச்சை. போன மாதம் சிவப்பாக இருந்தது. கலக்கிய பெயின்ட்டில் ஒரு சொட்டை நகத்தில் வைத்துக்கொண்டு காய்ந்தால் என்ன நிறம் வருகிறது என்று பார்க்க வாசல் வெயிலுக்கு வருவார். அது காயும்வரை அந்தக் கை எந்த வேலைக்கும் ஆகாது. சேவூரில் இதைப் பார்த்து இப்போது யாரும் சிரிப்பதில்லை. "ஆத்துல தண்ணியே காணோம், படகு மோட்டாருக்கு இன்னாத்துக்குப்பா பெயின்ட்டு?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

இருபத்தெட்டு வருடம் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். நான்கு வருடத்துக்கு முன் கல்யாணப் புடவை எடுக்க வந்த சென்னைக்காரர் மணவாளன், ஒரு பழைய சேலையின் நிறத்தை இவர் இம்மி பிசகாமல் நூலில் கொண்டுவந்ததைப் பார்த்துச் சொக்கிப்போனார். மணவாளனுக்குப் பழைய படகு மோட்டார்களைச் சேர்க்கிற பைத்தியம். அடுத்த மாதமே ஒரு சிவப்பு மோட்டாரை வண்டியில் கொண்டுவந்து, அதன் பழைய நிறத்திலேயே பெயின்ட் அடித்துத் தரச் சொல்லி சார்லி வீட்டில் இறக்கிவிட்டார்.

அதில் சார்லி செய்த தப்பைச் சாயக்காரரால்தான் செய்ய முடியும். ஈரத்தில் அழுத்தமாகத் தெரிகிற பட்டு, காய்ந்தால் வெளுக்கும். அதனால் சாயக்காரர் கை தானாகவே ஒரு படி தூக்கலாகக் கலக்கும். பெயின்ட்டோ காயக் காய அழுத்தமாகிறது. மறுநாள் மோட்டார் மூடி ஆட்டு ஈரல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது. சுரண்டினார், மறுபடி கலக்கினார். இப்படிப் பதினோரு தடவை. "நூலு காஞ்சா எறங்குது, இது காஞ்சா ஏறுது. இருபத்தெட்டு வருசத்த மறக்கறதுதான் பெரிய பேஜாராப் போச்சு" என்பார்.

அதற்குப் பிறகு எத்தனையோ மோட்டார்கள் வந்து போய்விட்டன. இப்போது வந்திருப்பது அறுபது வருடத்துப் பச்சை மோட்டார். அதன் மேல் யார் யாரோ அடித்த நீலம், சாம்பல், மறுபடி நீலம். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒன்பது நாள் பொறுமையாகத் தேய்த்ததில், கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கம்பெனி அடித்த பச்சை பிழைத்திருந்தது. அதை மறைக்கக் கூடாது. மீதி மூடி அதோடு சேர வேண்டும். "பழசு எங்க முடியுது, புதுசு எங்க ஆரம்பிக்குதுன்னு ஒருத்தனும் கண்டுபுடிக்கக் கூடாது. அதான் வேல. இல்லன்னா கதவுக்கு அடிக்கறவனே போதுமே."

ஞாயிற்றுக்கிழமை கொச்சியில் கண்காட்சி. சனிக்கிழமை காலைக்குள் மோட்டாரை அங்கே ஒப்படைத்துவிட வேண்டும். மோட்டாருக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டையில் முதன்முறையாக இவர் பெயரும் இருக்கும். அச்சான அட்டையை மணவாளன் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதைச் சார்லி எத்தனை தடவை பார்த்தார் என்று கேட்டால் மனைவி ஃப்ளோரன்ஸ் சிரிப்பார். பாவம், மனுஷன் ரொம்பவே ஆசைப்பட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மணவாளன் வந்தார். மூடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம் சார்லி! எது பழசுன்னே தெரியல. ஏத்திடலாம்" என்று வண்டியிலிருந்து கயிற்றை எடுத்தார்.

சார்லி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தறியை விட்டு எழுந்துவந்து நின்ற ஃப்ளோரன்ஸைத்தான் பார்த்தார். முப்பது வருடம் பட்டு நெய்த கண் அது. சார்லியின் சாயத்தில் குறை சொல்ல ஊரில் அந்த ஒருவரால்தான் முடியும்.

"சொல்லு" என்றார்.

ஃப்ளோரன்ஸ் தயங்கினார். "வுடுங்க. சாரே நல்லாகீதுன்றாரு."

"நீ சொல்லு."

அவர் குனிந்து மூடியில் ஓரிடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார். பழசும் புதுசும் சேருகிற இடம் சரியாக அதுதான்.

மணவாளன் பதறிவிட்டார். "யாருக்கும் தெரியாது சார்லி! இப்பக் கிளம்பலன்னா கொச்சி அவ்வளவுதான். உங்க பேரு போட்டு அட்டை வேற அடிச்சாச்சு."

"இவளுக்குத் தெரியுதே சார்."

விரலை எடுக்க வேண்டாம் என்று மனைவிக்குத் தலையசைத்துவிட்டு, சார்லி வாளியிலிருந்து வாட்டர் பேப்பரை எடுத்து உதறி, அந்த விரலை ஒட்டியே தேய்க்க ஆரம்பித்தார்.