முகூர்த்தப் பட்டைத் தொட மறுத்த கோமதி

போன வாரம் ஆரணி பக்கத்தில் இருக்கும் சேவூருக்குப் போயிருந்தேன். மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தப் பட்டு சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு இருபது வருடமாக நெய்து தருகிறவள் கோமதி. வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனசு வராது.

"என்னால ஆவாதுக்கா. வேற யாருகிட்டயாச்சும் சொல்லிடுங்க" என்றாள். கை வலியாம்.

அவள் கணவர் சேகர் பொரிந்து தள்ளினார். "மத்த பொடவைன்னா நெய்யுறாக்கா. முகூர்த்தப் பட்டுன்னா மட்டும் கை வலிக்குதுன்னு சொல்லிகினு இருக்கா. ஒரே பேஜாரு!"

கை வலிக்கு எது முகூர்த்தப் பட்டு என்று எப்படித் தெரியும்?

அவர் டீக்கடைக்குக் கிளம்பியதும் மெதுவாகக் கேட்டேன். அழுதே விட்டாள்.

இருமினால், தும்மினால், தறியின் மிதியை ஓங்கி மிதித்தால்... சிறுநீர் கசிகிறது. இரண்டு வருடமாக! முகூர்த்தப் பட்டு என்றால் குளித்து, விளக்கேற்றி, சுத்தமாகத்தான் தறியில் உட்காருவது அவர்கள் வீட்டு வழக்கம். "ஈரத் துணியோட உக்காந்துகினு அதத் தொடலாமாக்கா? கட்டிக்கிற பொண்ணு நல்லா வாழ வாணாமா?"

இதற்கு அவளாகக் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? காலையில் தறியில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. இந்த வெயிலில்!

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை... என்மேல். இரண்டாவது பிரசவத்திலிருந்து எனக்கும் இதே கதைதான். பஸ் பயணம் என்றால் கறுப்புப் புடவை. வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் எதை எதையோ பேசுகிறேன், இதைப் பேசியதில்லை. கோமதியிடம் சொன்னேன்.

"உங்களுக்குமா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றே ஆரணியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். சிறுநீர், சர்க்கரை இரண்டையும் டெஸ்ட் செய்தார். "தண்ணியைக் குறைச்சா சிறுநீர் கெட்டியாகி பையில எரிச்சல்தான் வரும். நல்லா குடிங்க. டீயைக் குறைங்க" என்றார்.

பிரசவத்தாலும் வயதாலும் சிறுநீர்ப் பையைத் தாங்கும் தசை தளர்ந்துபோகிறதாம். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி, சில விநாடி வைத்திருந்து, விட வேண்டும். தினமும் மூன்று வேளை, வேளைக்குப் பத்து தடவை. தறியில் உட்கார்ந்தபடியே செய்யலாம்... பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம், அதுவரை பேட் வைத்துக்கொள்ளலாம். எரிச்சலோ ரத்தமோ தெரிந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார்.

"அது வரைக்கும் முகூர்த்தப் பட்டு நெய்யலாங்களா?" கோமதி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தாராளமா. தசை தளர்ந்திருக்கு, அவ்ளோதான். இதுல தீட்டு எங்கம்மா வந்துச்சு?"

வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பிறகு சேகரிடம் ஒன்று விடாமல் அவளே சொன்னாள். "அக்கா பொண்ணுக்கு நான்தான் நெய்யப் போறேன்" என்று முடித்தாள்.

ஒரு சண்டையைத் தீர்த்துவைக்க நான் தயாராக இருந்தேன். சேகரோ என் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

பஸ் ஸ்டாப் வரை என்னுடன் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். செருமினார்.

"அக்கா... அந்த டாக்டரம்மா ஆம்பளைங்களையும் பாப்பாங்களா?"